வாழைச்சேனையும் கடதாசி ஆலையும்

“ஒரு தொழிற்சாலையால் உருவான சின்ன ஊர் ஏதாவது தெரியுமா? அதன் ஆரம்பக் கதை என்ன?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பிறந்த ஊரையே சொல்கிறேன். மட்டக்களப்பு நகரத்துக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது வாழைச்சேனை. ஆனால் ‘உருவான’ என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆலைக்கு முன்பும் இங்கே ஊர் இருந்தது. ஆற்றில் மீன்பிடி, உள்பக்கம் வேளாண்மை, ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஓட்டமாவடி. 1928இல் மட்டக்களப்புக்குக் கோச்சி (ரயில்) ஓடத் தொடங்கியபோதே வெளியூர்ச் சாமான் வாசலுக்கு வந்துவிட்டது. ஓட்டமாவடிப் பழைய பாலத்தில் கோச்சியும் பஸ்ஸும் ஒரே பாதையில் போனதை எங்கள் வயதுக்காரர் எல்லாரும் பார்த்திருப்போம்.

சரி, ஆலைக்கு வருவோம். சுதந்திரத்துக்குப் பிறகு கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தின் பெயரோடு மூன்று ஆலைகளைச் சேர்த்துச் சொல்வார்கள்: காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனை கடதாசி. அவர் 1953இல் அமைச்சரவையை விட்டுப் போய்விட்டார். கடதாசி ஆலை ஓடத் தொடங்கியது 1956இல்.

ஏன் இங்கே? காரணம் வைக்கல்தான். இந்த ஆலை மரத்தை நம்பிக் கட்டப்பட்டதில்லை. மட்டக்களப்பிலும் பொலன்னறுவையிலும் வேளாண்மை வெட்டி, சூடடித்து முடித்தால் களவெட்டியில் மலை மலையாக வைக்கல் கிடக்கும். மாடு தின்றது போக மிச்சம் நெருப்புக்குத்தான். அதைக் காசாக்கலாம் என்றதும் வண்டி வண்டியாக ஆலைக்கு வந்தது. இலுக்குப்புல்லும் சேர்ந்தது. வைக்கலை வெட்டி, கோஸ்டிக் சோடா என்ற காரம் போட்டு நீராவியில் அவித்து, கழுவி, கூழாக்குவார்கள். வெளுக்கக் குளோரின் வேண்டும். பரந்தனில் செய்தது இந்த இரண்டையும்தான். பரந்தனையும் வாழைச்சேனையையும் ஒன்றாக யோசித்திருக்கிறார்கள் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

வைக்கலில் சிக்கலும் இருந்தது. போகத்துக்குப் போகம்தான் வரும், ஆலையோ வருசம் முழுக்க ஓட வேண்டும். குவித்து வைத்தால் மழையில் அழுகும், வெயிலில் தீப்பிடிக்கும். நார் குட்டை என்பதால் நீள நார்க்கூழை வெளிநாட்டிலிருந்து எடுத்துக் கலக்க வேண்டும். மணலில் இருக்கும் சிலிக்கா வைக்கலிலும் அதிகம் என்பதால் அவித்த காரத்தைத் திரும்ப எடுப்பதும் பெரும்பாடு. என் அப்பப்பா அவிக்கும் பகுதியில் வேலை செய்தவர். “சோறு அவிக்கத் தெரிஞ்சவனுக்கு வைக்கல் அவிக்க வராது” என்பார். வேலை முடிந்து வரும்போது அவர் சாரத்தில் புளித்த வைக்கல் மணம் வீசும் என்று அப்பம்மா இன்றும் மூக்கைச் சுளிப்பார்.

ஆலை வந்தபின் ஊர் சங்குக்கு எழும்பப் பழகியது. சிப்ட் மாறும் நேரம் பார்த்துத் தேநீர்க்கடைகள் திறந்தன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சிப்டில் நின்றார்கள். மாதச் சம்பளம் என்ற ஒன்று பல வீடுகளுக்கு முதல்முறையாக வந்தது அப்போதுதான்.

அப்புறம் யுத்தம். ஆலை நின்றும் ஓடியும் இளைத்தது. பிற்காலத்தில் கழிவுக் கடதாசியே முக்கிய மூலப்பொருளாயிற்று.

அப்பம்மாவின் பெட்டியில் அந்தக் காலத்துக் கொப்பி ஒன்று இருக்கிறது. தாள் பழுப்பு நிறம், தொட்டால் சரசரக்கும், மை தொட்டு எழுதிய இடமெல்லாம் ஊறிப் பரந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் நடுவே அவியாத வைக்கல் துண்டு ஒன்று, நகக்கீறல் அளவில், மஞ்சளாகத் தெரியும்.