மின்னஞ்சலைச் சேமிக்காமல் கடவுச்சொல்லை மீட்டுத் தர முடியுமா?

கேள்வி: மனநல ஆலோசனைக்கான சிறிய வலைச்செயலி ஒன்றை நடத்துகிறேன். எங்களிடம் யார் கணக்கு வைத்திருக்கிறார் என்பதே வெளியே தெரியக்கூடாத செய்தி. மின்னஞ்சல் முகவரியை ஹாஷ் செய்து (மூலத்தைத் திரும்பப் பெற முடியாத குறியீடாக மாற்றி) மட்டும் தரவுத்தளத்தில் வைக்கலாமா? வைத்தால், கடவுச்சொல்லை மறந்தவருக்கு மெயில் அனுப்புவது எப்படி?
– வாசகர், கோயம்புத்தூர்.

பதில்: வைக்கலாம். மறந்தவர் தம் முகவரியை மறுபடியும் தட்டச்சு செய்யத்தான் போகிறார். அதை அக்கணமே ஹாஷ் செய்து, சேமித்ததோடு பொருந்தினால் அம்முகவரிக்கே கடவுச்சொல்லை மாற்றும் லிங்க்கை அனுப்பிவிடலாம். ஆனால் எஸ்எச்ஏ-256 என்ற வழக்கமான ஹாஷ் முறை மட்டும் போதாது. முகவரிகள் எளிதில் ஊகிக்கக்கூடியவை; பழைய கசிவுகளில் வெளிவந்த கோடிக்கணக்கான முகவரிகளை வரிசையாக ஹாஷ் செய்து ஒப்பிட ஒருவருக்கு அதிக நேரம் பிடிக்காது. கடவுச்சொல்லுக்குச் செய்வதுபோல் ஆளுக்கொரு சால்ட் (ஹாஷ் செய்யுமுன் சேர்க்கும் தற்செயலான எழுத்துக்கோவை) சேர்த்தால் தேடவே முடியாது. ஆகவே எச்மேக் முறையில், தரவுத்தளத்துக்கு வெளியே காக்கப்படும் ரகசியச் சாவி ஒன்றைக் கொண்டு ஹாஷ் செய்யுங்கள்.

தட்டச்சு செய்த முகவரிக்கே அனுப்புவதில் ஒரு பொறி உண்டு. துருக்கிய மொழியின் புள்ளியில்லாத சிற்றெழுத்து ‘ஐ’யை (ı) ஒப்பிடுவதற்காகப் பேரெழுத்தாக்கினால் அது சாதாரண ‘ஐ’யாகவே (I) மாறிவிடும் என்பதால், அத்தகைய எழுத்துள்ள போலி முகவரியைத் தந்து பிறர் கணக்கின் லிங்க்கைப் பெற இடமிருந்தது. வலைச்செயலிகளை உருவாக்க உதவும் ஜாங்கோ என்ற மென்பொருள் கட்டமைப்பு இதை 2019 டிசம்பரில் சரிசெய்தபோது, சேமித்த முகவரிக்கே அனுப்பும்படி மாற்றியது. உங்களிடம் சேமித்த முகவரியே இராது. எனவே எந்தச் சரத்தை (எழுத்துத் தொடரை) ஹாஷ் செய்தீர்களோ, எழுத்து மாறாமல் அதே சரத்துக்குத்தான் மெயில் போக வேண்டும்.

இத்தனை செய்தும், ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ பக்கமே காட்டிக்கொடுத்துவிடலாம். 2015-இல், திருமணத்துக்கு வெளியே உறவு தேடுவோருக்கான ஆஷ்லி மேடிசன் தளத்தில், கணக்குள்ள முகவரிக்கும் இல்லாததற்கும் வந்த பதில் பக்கங்கள் வேறுபட்டிருந்ததால், யார் உறுப்பினர் என்பதை எவரும் சோதித்தறிய முடிந்தது. ‘இம்முகவரியில் கணக்கு இருந்தால் மெயில் வரும்’ என்ற ஒரே வாசகத்தை இரு நிலையிலும் காட்டுங்கள். பதில் வரும் நேரமும் காட்டிக்கொடுக்காதிருக்க, மெயில் அனுப்பும் வேலையை வரிசையில் போட்டுவிட்டு உடனே பதில் தாருங்கள். பதிவுப் பக்கத்தின் ‘இம்முகவரி ஏற்கெனவே உள்ளது’ என்ற எச்சரிக்கையும் இதே தவறுதான். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். லிங்க்கில் உள்ள டோக்கன் (ரகசியக் குறி) ஒருமுறை மட்டுமே செல்லட்டும், சற்று நேரத்தில் காலாவதியாகட்டும், தரவுத்தளத்தில் அதன் ஹாஷ் மட்டும் இருக்கட்டும். சர்வர் லாக்கிலும் மெயில் சேவையின் பதிவேட்டிலும் முகவரி அப்படியே கிடந்தால் மேற்சொன்ன பாடெல்லாம் வீண்.

இருப்பினும், உங்கள் இடத்தில் இருந்தால் ஹாஷோடு மட்டும் நிறுத்த மாட்டேன். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. ஹாஷிலிருந்து எவருக்கும் மெயில் அனுப்ப இயலாது. தேடுவதற்கு எச்மேக், அனுப்புவதற்கு வேறொரு சாவியால் மறையாக்கம் செய்த முகவரி என இரண்டையும் வைத்து, மறைநீக்கும் சாவியை மெயில் அனுப்பும் நிரலுக்கு மட்டும் கொடுங்கள்.