மும்பையில வளர்ந்தவங்களுக்கு பர்த் சர்டிபிகேட் எந்த ஊர்ல கிடைக்கும்?

கேள்வி: எனக்கு நினைவு தெரிஞ்சதுல இருந்து தாராவிதான். இப்ப வீட்டுக்காரரோட வெளிநாடு போறதுக்கு என்னோட பர்த் சர்டிபிகேட் கேக்குறாங்க. இங்க மாநகராட்சி வார்டு ஆபீஸ்ல தேடிப் பாத்துட்டு ரெக்கார்டே இல்லனு சொல்லிட்டாங்க. அம்மா கிட்ட கேட்டா தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போயி 1991ல பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலதான் என்னை பெத்ததா சொல்றாங்க. ஒரு ஏஜென்ட் ஊருக்கெல்லாம் போக வேணாம், மும்பையிலயே எடுத்துத் தரேன்றார். குடுக்கலாமா?
— தாராவி வாசகி

பதில்: குடுக்காதீங்க தங்கச்சி, ஒரு ரூபா கூட குடுக்காதீங்க. குழந்தை எந்த ஊர்ல பொறந்துச்சோ அந்த ஊர் ரெஜிஸ்டர்லதான் பிறப்பு பதிவாகும், அப்பா அம்மா எங்க குடியிருந்தாங்க, ரேஷன் கார்டு எங்க இருந்துச்சுன்றது கணக்கே இல்ல, 1969ஆம் வருஷ பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. பாளையங்கோட்டையில பொறந்தவங்களுக்கு மும்பை சர்டிபிகேட் ஒருத்தர் தரார்னா அது போலியாத்தான் இருக்கும், இப்ப வர்ற சர்டிபிகேட்ல கியூஆர் கோடு இருக்கு, ஸ்கேன் பண்ணா சாயம் வெளுத்துடும், அப்புறம் விசாவும் போயிடும் உங்க பேர்லயும் கேஸ் வரும்.

தலைப்பிரசவம் தாய்வீட்லன்றது நம்ம பழக்கம். அதனால மும்பைத் தமிழர் வீடுகள்ல மூத்த பிள்ளைக்கு மட்டும் பிறந்த ஊர் திருநெல்வேலி, நாகர்கோவில், சேலம்னு இருக்கும், அடுத்ததுக்கெல்லாம் மும்பை சயான் ஆஸ்பத்திரினு இருக்கும். அதனால வார்டு ஆபீஸ்ல போய் நிக்கிறதுக்கு முன்னாடி அம்மாவையோ பெரியம்மாவையோ உக்கார வச்சு எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி, அட்மிஷன் போடும்போது எந்த விலாசம் குடுத்தாங்க, தாத்தா வீட்டு விலாசமா பம்பாய் விலாசமானு எல்லாம் கேட்டு ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க. அவங்களுக்கு நினைவு இருக்கும்போதே கேட்டுடணும், இதை நான் கெஞ்சியே கேட்டுக்கறேன்.

உங்க விஷயத்துல இன்னொண்ணும் இருக்கு. 1991ல பாளையங்கோட்டை தனி முனிசிபாலிட்டி. 1994லதான் திருநெல்வேலி மாநகராட்சியோட சேந்துச்சு. அதனால திருநெல்வேலி மாநகராட்சியில கேக்கும்போது பழைய பாளையங்கோட்டை முனிசிபாலிட்டி ரெஜிஸ்டர்ல தேடணும்னு மனுவுலயே எழுதிடுங்க. முதல்ல தமிழ்நாடு அரசோட பிறப்பு இறப்பு சைட்ல தேடிப் பாக்கலாம், ஆனா பழைய ரெக்கார்டு எல்லாமே கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கும்னு நினைக்காதீங்க, ஆன்லைன்ல இல்லன்னா ரெஜிஸ்டர்லயே இல்லனு அர்த்தம் ஆகாது. நீங்களே போகணும்னும் கட்டாயம் இல்ல, சட்டத்துல 17ஆம் பிரிவுப்படி தேடச் சொல்லி காப்பி கேக்குற உரிமை யாருக்கும் உண்டு, ஊர்ல இருக்கிற மாமா கையில ஒரு கடிதமும் உங்க ஆதார் காப்பியும் குடுத்து அனுப்பினா போதும். பேரை வச்சு மட்டும் தேடச் சொல்லாதீங்க. பொறந்த தேதி, பெண் குழந்தை, அம்மா பேர், அப்பா பேர் இதை வச்சுத் தேடச் சொல்லுங்க, ஏன்னா பதியும்போது உங்களுக்குப் பேரே வச்சிருக்க மாட்டாங்க.

கேள்வி: நான் 1988ல சயான் ஆஸ்பத்திரியில பொறந்தவன், இருக்கிறது செம்பூர்ல. பழைய சர்டிபிகேட் இருக்கு, ஆனா பேர் போடுற இடம் காலி, அப்பா பேரும் தப்பா இருக்கு. கெஜட்ல, அதாவது அரசிதழ்ல, போட்டு மாத்தணும்னு சொல்றாங்களே?
— செம்பூர் வாசகர்

பதில்: உங்களுக்கு கெஜட் தேவையில்லங்க. கெஜட் இருக்கிற பேரை மாத்துறதுக்கு, உங்களுக்கு பேரே ஏறலையே. அதே பிறப்பு இறப்பு பதிவுச் சட்டத்துல 14ஆம் பிரிவுல பேர் சேக்குறதுனு தனியாவே இருக்கு, பதிஞ்சு 12 மாசத்துக்குள்ளன்னா கட்டணமே கிடையாது, 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட சேக்கலாம், அதுக்கும் மேல ஆனவங்களுக்காக அரசாங்கம் அப்பப்ப அவகாசம் குடுத்து அறிவிப்பு விடுறாங்க, உங்க வயசுக்கு இப்ப அந்த அவகாசம் ஓடுதானு கேட்டுட்டு மனு குடுங்க. கேக்க வேண்டியது செம்பூர் வார்டுல இல்ல, சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது எஃப் நார்த் வார்டு, அந்த ஆபீஸ் மாட்டுங்கா கிழக்குல பாவு தாஜி ரோடுல இருக்கு, அங்க சுகாதார அதிகாரி பிரிவு. அப்பா பேர்ல இருக்கிற தப்புக்கு 15ஆம் பிரிவு, அதுல பழைய எழுத்தை அழிக்க மாட்டாங்க, ஓரத்துல திருத்தம் எழுதி தேதியோட கையெழுத்து போடுவாங்க. அப்பாவோட பழைய பள்ளி சர்டிபிகேட், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் பேப்பர் இருந்தா எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு ரொம்ப முக்கியம், பேர் சேக்கும்போது பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அப்படியே குடுங்க. நமக்கு இனிஷியல், இங்க ஃபார்ம்ல பேர், அப்பா பேர், குடும்பப் பேர்னு மூணு கட்டம், அவசரத்துல எதையாவது நிரப்பிட்டா அதைத் திருத்த மறுபடியும் ஆரம்பத்துல இருந்து அலையணும்.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயசு, தாராவியில சால்னு சொல்ற வரிசை வீடுகள்ல, வீட்லயே பொறந்தவங்க, எங்கயும் பதியல. சிங்கப்பூர் போக பாஸ்போர்ட் எடுக்கணும். பர்த் சர்டிபிகேட் இல்லாம முடியாதா?
— சயான் கோலிவாடா வாசகி

பதில்: முடியும்மா, பயப்படாதீங்க. பர்த் சர்டிபிகேட் மட்டும்தான் செல்லும்ன்றது 2023 அக்டோபர் 1ல இருந்து பொறந்தவங்களுக்கு வந்த விதி, அம்மாவுக்கு அது பொருந்தாது. பள்ளி சர்டிபிகேட், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் இதுல பொறந்த தேதி இருக்கிற ஒண்ணு போதும். பள்ளிக்கூடமே போகலன்னா பான் கார்டு எடுத்துக்கங்க, ஆனா ஆதார்லயும் பான்லயும் தேதி ஒண்ணா இருக்கணும், நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு ஆதார்ல வருஷம் மட்டும் இருக்கும் இல்ல ஜனவரி 1னு போட்டிருப்பாங்க, அதை முதல்ல பாருங்க. பின்னாடி வேற எதுக்காவது பிறப்புப் பதிவே வேணும்னா வார்டுல தேடச் சொல்லி பதிவு இல்லைன்ற சான்று வாங்கணும், அப்புறம் தாமதப் பதிவுக்கு மனு. ஒரு வருஷத்துக்கு மேல ஆனா முன்னாடி கோர்ட் மாஜிஸ்திரேட் உத்தரவு வேணும், 2023 திருத்தத்துக்கு அப்புறம் கலெக்டரோ அவர் அதிகாரம் குடுத்த நிர்வாக மாஜிஸ்திரேட்டோ உத்தரவு போட்டாலே போதும். இப்போதைக்கு பாஸ்போர்ட்டுக்கு அது தேவையே இல்ல, பான் கார்டை கையில எடுத்துக்கிட்டு அப்ளை பண்ணுங்க.