ஆயிரம் டாலருக்குள் ஒரு வேட்டை றைபிள்: எதை நம்பலாம், எதைச் சோதிக்க வேண்டும்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: கனடாவுக்கு வந்து இரண்டு வருசமாகிறது, கூட வேலை செய்கிறவர்கள் மான் வேட்டைக்கு அழைக்கிறார்கள், ஆயிரம் டாலருக்குள் கிடைக்கிற றைபிள் தரமானதா, சுடுகிறவருக்கே ஆபத்தாகுமா, இல்லை காசு சேர்த்து விலை கூடியதைத்தான் வாங்கவேண்டுமா.

பெயருள்ள தொழிற்சாலையில் செய்த புதிய போல்ட் றைபிள் (ஒவ்வொரு வெடிக்கும் பின்பக்கத் தாழ்ப்பாளைக் கையால் இழுத்து மூடும் வகை) என்றால் பயப்படாமல் வாங்கலாம். அதில் காசை மிச்சம் பிடித்திருப்பது தோளில் வைக்கும் சோங்கிலும், ரவைகளை அடுக்கும் ரவைக்கூட்டிலும், மேற்பூச்சிலும், கூடவே தருகிற ஸ்கோப்பிலும்தான். .308 வின்செஸ்டர் ரவை வெடிக்கும்போது எழும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தொழில்தர எல்லை சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல். மூவாயிரம் டாலர் துவக்கு சுடுவதும் அதே ரவையைத்தான். ஆகவே மலிவான துவக்கின் குழலும் போல்ட்டும் அதே அழுத்தத்தைத் தாங்கியே ஆகவேண்டும். பின்லாந்து போன்ற நாடுகளில் ஒவ்வொரு துவக்கையும் வழக்கமான உச்ச அழுத்தத்தைவிட 25 வீதம் கூடிய ரவையால் சுட்டுப் பார்த்த பிறகே முத்திரை குத்துகிறார்கள்.

மலிவும் துல்லியமும் ஒன்றாகச் சேர்வதற்கு ஒரு காரணம் உண்டு. போல்ட்டின் முகத்துக்கும் ரவை போய் உட்காரும் அறைக்கும் உள்ள இடைவெளி மிகச் சரியாக இருக்கவேண்டும். முன்பு இதற்குக் கைதேர்ந்த ஒருவர் ஒவ்வொரு குழலையும் அராவிப் பொருத்தவேண்டியிருந்தது. சாவேஜ் நிறுவனம் 1958இல் தன் 110 றைபிளில் குழலைத் திருகி, அளவுக்கட்டையை உள்ளே வைத்து, சரியான இடத்தில் ஒரு பெரிய நட்டால் இறுக்கும் முறையைக் கொண்டுவந்தது. வேலை நேரம் குறைந்தது, அளவு பிசகவில்லை. இன்றைய சாவேஜ் அக்சிஸ், ருகர் அமெரிக்கன் இரண்டிலும் இந்த நட்டுத்தான் இருக்கிறது.

துவக்கைத் தேர்வதற்கு முன் உரிமத்தைத் தொடங்குங்கள். குடியுரிமை தேவையில்லை. கனடிய துவக்குப் பாதுகாப்புப் பாடத்தை முடித்து எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறவேண்டும். பிறகு பிஏஎல் (PAL) எனப்படும் உடைமை உரிமத்துக்கு விண்ணப்பம். முதல் தடவை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு சட்டத்திலேயே உண்டு. நடைமுறையில் இன்னும் நீளும். மனைவியோ துணையோ இருந்தால் அவரும் விண்ணப்பத்தில் கையெழுத்திடவேண்டும், இல்லாவிட்டால் அதிகாரிகள் அவருக்கு அறிவிப்பார்கள். ஆகவே வீட்டில் முதலே பேசிவிடுங்கள். வேட்டை அனுமதி மாகாணத்தினுடையது, அது தனிப் பாடம், தனி அட்டை.

அடுத்தது வேட்டையாடப் போகும் இடம். ஒன்ராறியோவில் மானுக்கு .22 ரிம்பயர் (அடி விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும் சின்ன ரவை) கூடாது, அடியின் நடுவில் அடித்து வெடிக்கும் மையவெடி ரவைதான். தென் ஒன்ராறியோவின் சில பகுதிகளில் மான் வேட்டைக்கு இந்த வகை றைபிளே அனுமதியில்லை, சொட்கன் போன்றவைதான். இன்னும் சில மாவட்டங்களில் .275 விட்டத்துக்கு மேற்பட்ட றைபிளைக் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. அங்கே .308 எவ்வளவு நல்ல துவக்காக இருந்தாலும் பெட்டிக்குள்தான் கிடக்கும். மாகாணத்தின் அந்தந்த வருச வேட்டை விதிச் சுருக்கத்தில் உங்கள் வனவிலங்கு முகாமை அலகின் எண்ணைத் தேடிப் படித்த பிறகு கடைக்குப் போங்கள்.

விசையை இழுக்க இழுக்கத் தானே அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் அரைத்தானியங்கிகளை விட்டுவிடுங்கள். 2020 மே மாதத்திலிருந்து தடைப்பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. முதல் துவக்குக்கு அந்தத் தலையிடி வேண்டாம்.

வட ஒன்ராறியோவில் மானும், மூஸ் என்கிற மிகப் பெரிய மான் வகையும் இரண்டும் என்றால் .308. எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் ரவை கிடைக்கும், விலையும் தாங்கலாம். மான் மட்டும், உதைப்பும் குறைய வேண்டும் என்றால் .243 அல்லது 6.5 கிரீட்மோர். மலிவு றைபிள்கள் எடை குறைந்தவை. அவற்றில் மாக்னம் எனப்படும் பலம் கூடிய ரவை போட்டால் தோள் வாங்கும் அடியில் உடம்பு பயந்து, விசையை இழுக்கும் கணத்திலேயே கண் மூடிக்கொள்ளும். குறி தப்புவதற்கு அதைவிடப் பெரிய காரணம் இல்லை. மானின் நெஞ்சுப் பகுதி ஏறக்குறைய எட்டு அங்குல வட்டம். 100 யார் (yard) தூரத்தில் இரண்டு அங்குலத்துக்குள் கூட்டமாக அடிக்கிற துவக்கு 200 யாரில் நாலு அங்குலம் பரப்பும். இன்றைய மலிவு றைபிள்களில் அநேகமானவை இதைவிடச் சிறப்பாகவே அடிக்கும். அரை அங்குலக் கூட்டத்துக்காக இரட்டிப்புக் காசு கொடுப்பதில் மானுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை.

சாவேஜ் அக்சிஸ் அநேகமாக எல்லாவற்றிலும் மலிவு. அக்குட்றிகர் (AccuTrigger) விசை உள்ள வகையையே எடுங்கள்; அது இல்லாத சாதாரண வகையின் விசை கடினமானது. ருகர் அமெரிக்கனில் விசையை மூன்று முதல் ஐந்து இறாத்தல் வரை திருத்தலாம், பாதுகாப்புப் பூட்டு பெருவிரல் படும் இடத்திலேயே இருக்கும், சோங்குக்குள் உலோகக் கட்டைகளில் துவக்கு உட்காரும். என் தெரிவு இதுதான். ஜப்பானில் செய்யும் ஹோவா 1500 கொஞ்சம் பாரம், ஆனால் உறுதி. டிக்கா டி3எக்ஸ் ஆயிரத்தைத் தாண்டும். அதன் போல்ட் ஓட்டம் வேறு தரம்தான். வடபகுதியைக் காக்கும் இராணுவப் பிரிவான கனடிய றேஞ்சர்களின் சி19 துவக்கும் டிக்காவின் வடிவத்தில் அமைந்ததே. காசு இடம் கொடுத்தால் வாங்குங்கள், ஆனால் அதற்காக ஸ்கோப்பில் குறைக்காதீர்கள்.

மலிவு றைபிள்களில் வழக்கமாகத் தொந்தரவு தரும் இடங்கள் மூன்று. முதலாவது பிளாஸ்டிக் சோங்கின் முன்பகுதி. அது வளையும். கவட்டுக்காலிலோ மணல்மூட்டையிலோ வைத்து அழுத்தியதும் குழலை ஒரு பக்கத்தில் தொடும், அடி விலகும். ஒரு தாள் காசை குழலுக்கும் சோங்குக்கும் இடையில் விட்டு அறை வரை இழுத்துப் பாருங்கள். பிறகு முன்பகுதியைக் கையால் அழுத்திக்கொண்டு இழுங்கள். சிக்கினால் உட்பக்கத்தை மணற்தாளால் கொஞ்சம் தேய்த்து இடைவெளி விடலாம். இரண்டாவது ரவைக்கூடு. பிளாஸ்டிக் நாக்குத் தேய்ந்தால் நடக்கும்போது கழன்று விழும். உதிரி ஒன்று கடையில் இருக்கிறதா, என்ன விலை என்று துவக்கை வாங்கும்போதே கேளுங்கள். மூன்றாவது மெல்லிய குழல். மூன்று நாலு வெடியில் சூடேறி அடி மெல்ல நகரத் தொடங்கும். அது பழுதல்ல, மூன்று வெடிக்கு ஒருமுறை போல்ட்டைத் திறந்து வைத்து, குழலைக் கையால் பிடிக்கக்கூடிய சூட்டுக்கு ஆறவிட்டால் போதும்.

பொதியோடு வரும் ஸ்கோப்பைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன்: ‘துவக்கு நேராக அடிக்கவில்லை’ என்கிற முறைப்பாடுகளில் நிறைய, ஸ்கோப்பிலோ அதைப் பிடிக்கும் வளையங்களிலோதான் போய் முடியும். வெறும் துவக்கை வாங்கி, துவக்கின் விலையில் பாதிக்குக் குறையாத ஒரு ஸ்கோப்பைத் தனியாகப் போடுங்கள். 3–9 மடங்கு, 40 மில்லிமீற்றர் கண்ணாடி மான் வேட்டைக்குத் தாராளம். அடித்தளத் திருகுகளின் எண்ணெயைத் துடைத்துவிட்டு இறுக்குங்கள். வளையத் திருகுகளுக்கு 15 முதல் 20 அங்குல-இறாத்தல் போதும். முறுக்கு அளக்கும் சாவி இல்லாமல் கைக்கணக்கில் இறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும், குறைத்து இறுக்கினால் உதைப்பில் வழுக்கும். சோங்குத் திருகுகளின் அளவு துவக்குக்குத் துவக்கு மாறும், கைநூலில் உள்ளதையே வையுங்கள்.

பழைய துவக்கு என்றால் வேலை கூட. விற்பவர் உங்கள் உரிமம் செல்லுபடியாகிறதா என்று பதிவாளரிடம் சரிபார்த்து இலக்கம் பெறவேண்டும். 2022 மே 18இலிருந்து இது கட்டாயம். அதைத் தட்டிக்கழிக்கிறவரிடம் வாங்காதீர்கள். போல்ட்டைக் கழற்றி, குழலை வெளிச்சத்தில் பாருங்கள்: உட்புரி (சன்னத்தைச் சுழல வைக்கும் உட்பக்க வரிகள்) கூர்மையாகத் தெரியவேண்டும், கரும்புள்ளிக் குழிகளோ வளையம் போன்ற வீக்கமோ இருந்தால் வேண்டாம். வளைய வீக்கம் என்பது அடைபட்ட குழலில் யாரோ சுட்டிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். குழல் வாயின் விளிம்பில் வெட்டு இருந்தால் துல்லியம் போய்விட்டது. .303 லீ-என்பீல்டு என்கிற பழைய பிரிட்டிஷ் இராணுவத் துவக்குகள் இங்கே இன்னும் மலிவாகக் கைமாறுகின்றன, நல்ல மான் துவக்குகள்தான். ஆனால் அவற்றில் பலவற்றின் போல்ட் தலைகள் அளவுவாரியாக எண்ணிடப்பட்டவை; எண்பது வருசத்தில் யார் எதை மாற்றினார்கள் என்று தெரியாது. துவக்குத் திருத்துநரிடம் போல்ட்டுக்கும் அறைக்கும் உள்ள இடைவெளியை அளவுக்கட்டையால் சோதிப்பித்த பிறகே சுடுங்கள். ரெமிங்டன் 700, மொடல் செவன் வாங்குவதானால் 2006 மே 1இலிருந்து 2014 ஏப்ரல் 9 வரை செய்த எக்ஸ்-மார்க் புரோ விசைகள் 2014இல் திரும்ப அழைக்கப்பட்டன என்பதை நினைவில் வையுங்கள். விசைக்குள் கூடுதலாகப் போய்விட்ட ஒட்டுப்பசையால், விசையைத் தொடாமலே வெடிக்கக்கூடும் என்பது காரணம். அந்தத் துவக்கின் விசை மாற்றப்பட்டதற்குச் சான்று கேளுங்கள். ரெமிங்டன் 2020இல் திவாலாகித் துண்டு துண்டாக விற்கப்பட்டது, ஆகவே பழைய உத்தரவாதத்தை நம்பி விலை பேசாதீர்கள்.

புதியதோ பழையதோ, வெறுமையாக்கி, அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். போல்ட்டை மூடி, பாதுகாப்புப் பூட்டைப் போட்டு, விசையைப் பலமாக இழுத்து விடுங்கள். பிறகு விசையைத் தொடாமல் பூட்டை மட்டும் எடுங்கள். ‘டக்’ என்று ஊசி (ரவையை அடித்து வெடிக்கவைக்கும் முள்) விழுந்தால் அந்தத் துவக்கு வேண்டாம். அடுத்து பூட்டு இல்லாத நிலையில் போல்ட்டை வேகமாக ஐந்தாறு தடவை அடித்து மூடுங்கள், சோங்கின் அடியை றப்பர்ச் சுத்தியலால் தட்டுங்கள். அப்போதும் ஊசி விழக்கூடாது. விசைக்குள் இரண்டு உருக்கு விளிம்புகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. யாராவது விசையை இளக்குவதற்காக அந்தப் பிடியைக் குறைத்திருந்தாலோ, உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தாலோ அதிர்ச்சியில் விட்டுவிடும். விசைக்குள் எண்ணெய் பீச்சாதீர்கள்.

குறி வைக்க முதலில் 25 யாரில் சுடுங்கள். ஒரு கிளிக்குக்குக் கால் கோண நிமிடம் (100 யாரில் ஏறக்குறைய கால் அங்குலம்) நகரும் ஸ்கோப்பில் அந்தத் தூரத்தில் ஒரு அங்குலம் நகர்த்த ஏறக்குறைய 16 கிளிக். பிறகு 100 யார். அங்கே ஒரு அங்குலத்துக்கு நாலு கிளிக். ஒற்றை வெடியைப் பார்த்துத் திருத்தாதீர்கள். ஐந்து அடித்து, அதன் நடுவைப் பார்த்துத் திருத்துங்கள். .308இல் 100 யாரில் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் மேலே வைத்தால் 200 யாருக்குக் கிட்ட நேராக வரும். வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே ரவையால் குறி வையுங்கள். சன்னத்தின் எடை மாறினால் அடியும் மாறும்.

உண்மையில் துவக்கு வெடித்துச் சிதறுவதற்குக் காரணம் பெரும்பாலும் பிழையான ரவையும் அடைபட்ட குழலும்தான். .300 பிளாக்கவுட் ரவை .223 அறைக்குள் போய்ச் சுடுபடக்கூடும். பெரிய சன்னம் சின்னக் குழலில் சிக்கி அறையே கிழியும். குழலில் பொறித்த பெயரும் ரவை அடியில் பொறித்த பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும், மேசையில் ஒரு வகை ரவை மட்டும். விழுந்து எழும்பினால் ரவையை எடுத்துவிட்டு, பின்பக்கத்தால் குழலைப் பாருங்கள்: சேறோ பனியோ அடைத்திருக்கலாம். குழல் வாயில் ஒரு சுற்று மின்கம்பி ஒட்டுநாடா ஒட்டினால் பனி உள்ளே போகாது, அதனூடாகவே சுடலாம். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் 60 செக்கன் பாதுகாப்பான திசையிலேயே பிடித்துக்கொண்டிருங்கள், பிந்தி வெடிக்கலாம். சத்தம் சிறிதாக, உதைப்புக் குறைவாக வந்தால் அடுத்த ரவையை ஏற்றாதீர்கள், சன்னம் குழலுக்குள்ளேயே நிற்கக்கூடும். காதுக்குப் பாதுகாப்பு ஒவ்வொரு வெடிக்கும் வேண்டும். றைபிளின் ஓசை 150 டெசிபலைத் தாண்டும், ஓசைக்குறைப்பான் இங்கே தடைசெய்யப்பட்டது. சன்னம் மூன்று கிலோமீற்றருக்கு மேலும் போகும், ஆகவே மானுக்குப் பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் விசையைத் தொடவேண்டாம்.

ஒன்ராறியோவில் துவக்கு மான் காலத்தில் இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குலமாவது செம்மஞ்சள் உடையும், தலையில் அதே நிறத் தொப்பியும் கட்டாயம். ரவைக்கூட்டில் ரவை இருந்து அது துவக்கில் மாட்டியிருந்தாலே சட்டப்படி அது நிரப்பிய துவக்கு. வாகனத்தில் ஏற முன் கழற்றுங்கள். கடும் குளிரில் போல்ட்டின் உள்ளே தடித்த எண்ணெய் இறுகி ஊசி மெதுவாக அடிக்கும், வெடிக்காது. வேட்டைக்கு முன் போல்ட்டைக் கழற்றி எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள். குளிரிலிருந்து வந்ததும் உறையைத் திறக்காமல் சில மணி நேரம் வீட்டுச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் குழலுக்குள் ஈரம் படிந்து துரு பிடிக்கும். பிறகு துடைத்து, வெறுமையாக்கி, போல்ட்டைக் கழற்றியோ விசைப்பூட்டுப் போட்டோ பூட்டிய அலுமாரியிலோ வைக்கவேண்டும். வெறுமையாக்குவது எப்போதும் கட்டாயம்; போல்ட், விசைப்பூட்டு, அலுமாரி ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் சட்டம் கேட்கிறது. பிள்ளைகள் உள்ள வீட்டில் அலுமாரியும் விசைப்பூட்டும் இரண்டுமே இருக்கட்டும், ரவைகள் வேறு பூட்டுக்குள்.