கராஜ் லைட் ஏன் மினுங்குகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கல்லடியிலிருந்து ஒரு வாசகர்: அண்ணன், கராஜில் நாலடி ரியூப் லைட் போட்டிருக்கிறோம். மினுங்கிக்கொண்டே இருக்கிறது, முழுசாகப் பிடிப்பதில்லை. ஸ்டாட்டர் மாற்றியும் சரிவரவில்லை.

மாற்றிய ஸ்டாட்டரின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள் தம்பி. 4–65 வாட் என்றிருக்க வேண்டும். 4–22 என்றிருந்தால் அது சின்ன ரியூபுக்கானது, உங்கள் 36 அல்லது 40 வாட் ரியூபுக்குப் பொருந்தாது. அடுத்து ரியூபின் இரண்டு முனைகளையும் பாருங்கள். நன்றாகக் கறுத்திருந்தால் ரியூப் முடிந்துவிட்டது. முனைகள் மட்டும் சிவந்து நடுப்பகுதி இருட்டாகவே நின்றால் ஸ்டாட்டர் உள்ளே ஒட்டிக்கொண்டது. அப்படியே எரியவிடாமல் உடனே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ரியூபுக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் சோக்கும் சூடாகிக் கெடும்.

இவை சரியாக இருந்தால் நான் ஹோல்டரைத்தான் சந்தேகிப்பேன். கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கராஜுக்குக் கதவு இருந்தாலும் உப்புக்காற்று உள்ளே வரத்தான் செய்யும். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு ரியூபைத் திருப்பிக் கழற்றுங்கள். பின்களில் பச்சைக் களிம்பு தெரிந்தால் மெல்லிய அரத்தாளால் தேய்க்கலாம். ஹோல்டருக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டிலும் களிம்பு ஏறியிருந்தால் ஹோல்டரையே மாற்றுங்கள், விலை சொற்பம்தான்.

சம்மாந்துறை வாசகர்: இரவு 7 மணியானால்தான் மினுங்குகிறது. அப்போது வீட்டு லைட்டுகளும் மங்குகின்றன.

அப்படியென்றால் கராஜ் லைட்டில் கை வைக்க வேண்டாம், குற்றம் அதில் இல்லை. எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் கரண்ட் எடுக்கும்போது 230 வோல்ட் இறங்கிவிடும், சோக் வைத்த ரியூப் பற்றவே சிரமப்படும். பக்கத்து அரிசி ஆலை மோட்டார் ஓடத் தொடங்கும் நேரத்திலும் ஒரு கணம் மங்கும். பக்கத்து வீட்டிலும் இப்படியா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் மெயின் போர்டில் ஏதோ ஒரு வயர் தளர்ந்திருக்கலாம். அது சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடத் தாமதிக்காதீர்கள். லைட்டுகள் வழமையைவிடப் பளிச்சென்று எரிந்தால் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், விட்டுப்போயிருக்கலாம். மெயினை நிறுத்திவிட்டு உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

அக்கரைப்பற்று வாசகர்: கராஜில் கிரைண்டர் வைத்திருக்கிறேன். ரியூப் லைட் வெளிச்சத்தில் அதன் சக்கரம் சில நேரம் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரிகிறது. கண்ணில் கோளாறா?

கண்ணில் ஒன்றுமில்லை. ஆனால் இன்றைய கேள்விகளில் ஆபத்தானது இதுதான். நமது கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 அலை. ஒவ்வொரு அலைக்கும் இரண்டு தடவையாக, சோக் வைத்த ரியூப் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைந்து எரிகிறது. கண் அதைப் பிடிப்பதில்லை, சுற்றும் சக்கரத்தில்தான் பிடிபடும். மேசையில் பூட்டும் கிரைண்டரின் மோட்டார் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3000 சுற்றுக்குச் சற்றுக் குறைவாக ஓடும், அதாவது செக்கனுக்கு ஏறக்குறைய 50 சுற்று. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் சக்கரம் அரைச்சுற்றுக்கு ஒரு மயிரிழை குறைவாகவே வந்து நிற்பதால் பின்னால் நகர்வதாகத் தெரிகிறது. சில வேளை அசையாமல் நிற்பதாகவே தெரியும். நின்றுவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டினால் விரல் போய்விடும். வட்ட வாள் வைத்திருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

சோக்கை எடுத்துவிட்டு எலக்ட்ரோனிக் பலாஸ்ட் போடுங்கள். அது செக்கனுக்கு 20,000 தடவைக்கு மேல் வேலை செய்வதால் இந்த மயக்கம் வராது. நல்ல எல்இடியும் போடலாம், ஆனால் மலிவான எல்இடிகளில் பலவும் இதே 100 தடவைதான் துடிக்கின்றன. போன் கமராவை லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், திரையில் கறுப்புப் பட்டிகள் ஓடினால் அந்த லைட்டைக் கிரைண்டருக்கு மேலே மாட்டவேண்டாம்.

களுவாஞ்சிகுடி வாசகர்: பழைய செட்டில் எல்இடி ரியூப் மாட்டினோம், அதுவும் மினுங்குகிறது.

பெட்டிக்குள் ஸ்டாட்டர் போலவே ஒன்று வந்திருக்கும். பழைய ஸ்டாட்டரைக் கழற்றிவிட்டு அதைத்தான் போடவேண்டும். ஒரு முனையில் மட்டும் கரண்ட் கொடுக்கும் வகை என்றால் சோக்கையே நீக்கி வயரை மாற்றிக் கட்டவேண்டும். பெட்டியில் உள்ள படத்தோடு எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கழற்றிய பழைய ரியூபை வளவில் போட்டு உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. தவறி உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, கதவைத் திறந்துவிட்டு, துண்டுகளை மட்டையால் அள்ளி, ஈரக் கடதாசியால் தரையைத் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள போத்தலில் போடுங்கள். தும்புத்தடியால் கூட்டினால் தூள் பரவும்.