அடுப்படி கேள்வி-பதில்: பாப்கார்ன் ஏன் பொரியவில்லை?

போன மாதம் மழைக்கால மாலைத் தீனி பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி பாப்கார்ன் பற்றியவைதான். ஆகவே இந்தத் தடவை பக்கம் முழுக்க அதற்கே.

உதிரியாக அரை கிலோ பாப்கார்ன் சோளம் வாங்கி, அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் பாட்டிலில் வைத்திருந்தேன். முதல் தடவை அருமையாக வந்தது. இரண்டு மாதம் கழித்துப் போட்டால் பாதி மணி கல் மாதிரி அப்படியே கிடக்கிறது. எண்ணெய் போதவில்லையா, தீ போதவில்லையா?
– வாசகி, பெரம்பூர்

இரண்டும் இல்லை, நீங்கள் வைத்த இடம்தான் காரணம் என்று நினைக்கிறேன். பாப்கார்ன் மணியைப் பொரிய வைப்பது அதற்குள் இருக்கும் தண்ணீர். நல்ல மணியில் எடையில் ஏறக்குறைய 14% ஈரம் இருக்கும். சூடு ஏற ஏற அந்த ஈரம் ஆவியாகி வெளியே வரப் பார்க்கும், ஆனால் கெட்டியான தோல் விடாது. உள்ளே இருக்கும் மாவு வெந்து கூழாகிவிடும், அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், சுமார் 180 டிகிரி செல்சியஸில் தோல் கிழிந்து கூழ் நுரைத்து வெளியே வந்து அந்தக் கணமே இறுகிவிடும். நம் வீட்டு குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய 2 மடங்கு அழுத்தம்தான். ஒரு சின்ன மணிக்குள் வெடிக்கும் முன் அது 9 மடங்கு வரை போகிறது. இதை முதலில் படித்த அன்று நான் ஒரு மணியைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, உங்கள் பாட்டிலுக்கு வருவோம். அடுப்புக்கு மேலே தினமும் சூடு, மூடியும் இறுக்கமாக இல்லையென்றால் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், மணி காய்ந்துவிடும், பிறகு எவ்வளவு தீ வைத்தாலும் வெடிக்க உள்ளே ஆவி இருக்காது. தூக்கிப் போட வேண்டாம். அரை கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, இறுக்க மூடி நன்றாகக் குலுக்குங்கள். முதல் நாள் அவ்வப்போது குலுக்கி விடுங்கள், தண்ணீர் முழுக்க மணிக்குள் போகட்டும். மூன்று நான்கு நாள் அப்படியே வைத்துவிட்டு, 20 மணியை மட்டும் எண்ணிப் போட்டுப் பாருங்கள். 18 பொரிந்தால் பாட்டில் பிழைத்துவிட்டது. தோல் கீறிய மணி மட்டும் தண்ணீர் விட்டாலும் பொரியாது, ஆவி அந்தக் கீறல் வழியாகக் கசிந்துவிடும். மூட்டையில் அடிபட்ட மணிகளில் இது நிறைய இருக்கும்.

நம் ஊரில் இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் திறந்த மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுக்கும் மணி காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். அது பொரியும், ஆனால் சின்னதாக, கெட்டியாக, மென்றால் இழுக்கும். அப்படி வந்தால் ஒரு தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் இளம் வெயில் காட்டி, மறுபடி 20 மணிச் சோதனை. அப்புறம் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

பொரிவதெல்லாம் நன்றாகத்தான் பொரிகிறது. தட்டுக்கு வருவதற்குள் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. கடற்காற்றுதான் காரணமா?
– வாசகர், திருவான்மியூர்

கடற்காற்று பிறகுதான் வரும், முதல் குற்றவாளி உங்கள் மூடி. ஒவ்வொரு மணியும் வெடிக்கும்போது தன் ஆவியைப் பாத்திரத்துக்குள் விடுகிறது. மூடியை இறுக்கி வைத்தால் அந்த ஆவியெல்லாம் திரும்பப் பொரி மேலேயே இறங்கும். மூடி ஒரு பக்கம் விரல் அளவு திறந்திருக்க வேண்டும். பலர் குக்கரில் செய்கிறார்கள், அடி கனமாக இருப்பதால் அது நல்ல பாத்திரம்தான், ஆனால் கேஸ்கட்டும் வெயிட்டும் போட்டு மூடியைப் பூட்டவே கூடாது. ஒரு தட்டை மேலே சாய்த்து வைத்தால் போதும்.

நான் செய்யும் விதம் இது: 3 லிட்டர் அடிகனமான பாத்திரம், 2 மேசைக்கரண்டி எண்ணெய், மூன்றே மூன்று மணி. நடுத்தரத் தீ. மூன்றும் வெடித்ததும் 50 கிராம் மணியைப் போட்டு, அடுப்பிலிருந்து இறக்கி 30 வினாடி சும்மா வைக்கிறேன். அந்த 30 வினாடியில் எல்லா மணியும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும், திரும்ப ஏற்றினால் எல்லாம் சேர்ந்தாற்போல் படபடவென்று பொரியும், முதலில் பொரிந்தது அடியில் தீய்வதும் கடைசி மணிக்காகக் காத்திருப்பதும் இல்லை. 2015இல் பிரான்சில் இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள்: 170 டிகிரியில் 34% மணிதான் பொரிந்தது, 180 டிகிரியில் 96%. பத்து டிகிரியில் இவ்வளவு வித்தியாசம்! அதனால்தான் ரொம்பச் சின்னத் தீயில் வைத்துப் பொறுமையாக நிற்பதில் பயனில்லை, மணியின் நுனி வழியாக ஆவி மெதுவாகக் கசிந்து தீர்ந்துவிடும். தீயைக் கொளுத்தினாலும் தப்பு, நடுவில் இருக்கும் மாவு வேகும் முன் தோல் கிழிந்துவிடும்.

ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் 2 வினாடி இடைவெளி வந்ததும் அணைத்து, அந்த நிமிடமே பெரிய தாம்பாளத்தில் கொட்டிப் பரப்புங்கள். பாத்திரத்தில் விட்டால் போச்சு. முறம் இருந்தால் இன்னும் நல்லது, லேசாகப் புடைத்தால் பொரியாத மணி ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பல்லும் தப்பிக்கும். ஐந்து நிமிடம் ஆறிய பிறகு உங்கள் கடற்காற்று வரும் முன் சாப்பிட்டுவிடுங்கள், மிச்சத்தை டப்பாவில் மூடிவிடுங்கள்.

தியேட்டர் ருசி வீட்டில் ஏன் வருவதில்லை? உப்பு எல்லாம் கிண்ணத்தின் அடியில் கிடக்கிறது, மேலே வெண்ணெய் விட்டால் சொதசொதவென்று ஆகிறது.
– கல்லூரி மாணவி, அண்ணா நகர்

உன் உப்பு பெரிசு அம்மா, அவ்வளவுதான். உலர்ந்த பொரியில் கல்லுப்போ சாதாரணத் தூளுப்போ ஒட்டாது. மிக்ஸியில் போட்டு மாவு மாதிரி அரைத்துக்கொள், அதில் ஒரு சிட்டிகையை மணி போடும் முன்பே எண்ணெயில் போட்டுவிடு. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் சார்லஸ் கிரெட்டர்ஸ் காட்டிய இயந்திரத்தின் பெருமையே அதுதான், மணி எண்ணெயிலும் உப்பிலும் சேர்ந்தே பொரிந்தது. எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய், தியேட்டர் வாசனையில் பெரும்பங்கு அதுதான். சுத்திகரித்ததாக இருக்கட்டும், செக்கு எண்ணெய் இந்தச் சூட்டில் புகைய ஆரம்பித்துவிடும். மஞ்சள் நிறம் வேண்டுமென்றால் மஞ்சள்தூள் ஒரே ஒரு சிட்டிகை, கூடினால் தீய்ந்து கசக்கும்.

வெண்ணெயில் 16% போலத் தண்ணீர் இருக்கிறது, பொரியை நனைப்பது அந்தத் தண்ணீர். நெய்யில் அது இல்லை. உருக்கிய நெய்யைக் கைவிரலால் தெளித்துப் பிசறி, இட்லிப் பொடியோ மிளகும் பெருங்காயமும் அரைத்த பொடியோ தூவிப் பார். என் வீட்டில் இட்லிப் பொடிக்குத்தான் கிராக்கி. தியேட்டர் பாப்கார்னை நான் இப்போதெல்லாம் வாங்குவதே இல்லை.

மெரினாவில் சுட்டு விற்கிறார்களே, அந்தச் சோளத்தைக் காய வைத்தால் பொரியுமா? எங்கள் சின்ன வயதில் சோளப்பொரி என்றால் வெள்ளைச் சோளத்தில்தான் செய்வார்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்

பொரியாது ஐயா. இரண்டும் மக்காச்சோளம்தான், ஆனால் வகை வேறு. பாப்கார்ன் வகைக்குத் தோல் கெட்டி, உள்ளே கண்ணாடி மாதிரி இறுகிய மாவு அதிகம். சுட்டுத் தின்னும் சோளத்துக்கும், பெரம்பலூர்ப் பக்கம் கோழித் தீவனத்துக்காக விளைவதற்கும் அந்தத் தோல் வலு இல்லை, பிளந்து கருகத்தான் செய்யும். பெரு நாட்டின் கடற்கரையில் 6,700 ஆண்டுகளுக்கு முந்திய பாப்கார்ன் கிடைத்திருக்கிறது என்றால் இந்த வகையை மனிதர்கள் எவ்வளவு காலமாகப் பாதுகாத்து வருகிறார்கள் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் வெள்ளைச் சோளப்பொரி அசல் சரக்கு. சோளம் என்ற பெயரே முதலில் அதற்குத்தான், மக்காச்சோளம் கடல் தாண்டி வந்தது. வெள்ளைச் சோளத்தைக் காய்ந்த வாணலியில் எண்ணெய் இல்லாமலே கைப்பிடி கைப்பிடியாகப் பொரிக்கலாம், சின்னச் சின்னதாக, மல்லிகை மொட்டு மாதிரி வரும், ருசி பாப்கார்னைவிட எனக்குப் பிடிக்கும். கார்த்திகை தீபத்துக்கு வைக்கும் நெல்பொரியும் இதே சங்கதிதான், அங்கே உமி மூடியாக இருந்து ஆவியைப் பிடிக்கிறது.

அக்கா, ஹாஸ்டலில் மைக்ரோவேவ் மட்டும்தான் இருக்கிறது. பாக்கெட் வாங்காமல் செய்ய முடியுமா?
– மாணவர், தரமணி

முடியும் தம்பி. மைக்ரோவேவில் வைக்கக்கூடிய ஆழமான கண்ணாடிக் கிண்ணம், கால் கப் மணி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுக் கலக்கி, மேலே ஒரு பீங்கான் தட்டைக் கொஞ்சம் இடைவெளி விட்டு மூடு. இரண்டரை, மூன்று நிமிடம் ஆகும், நிமிடத்தை நம்பாமல் காதை நம்பு, சத்தம் குறைந்ததும் நிறுத்து. கிண்ணம் கொதிக்கக் கொதிக்க இருக்கும், துணி வைத்து எடு, தட்டைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள். பொட்டலம் கட்ட நியூஸ்பேப்பர் மட்டும் வேண்டாம், மை உணவில் இறங்கும்.

இரண்டு வயதுப் பேரனுக்குக் கொடுக்கலாமா?
– பாட்டி ஒருவர், தாம்பரம்

வேண்டாம் அம்மா. நான்கு வயது ஆகும்வரை ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அழுதாலும் பரவாயில்லை. கீழே சிந்தியதையும் உடனே பெருக்கி எடுத்துவிடுங்கள், அந்த வயதில் தரையில் கிடப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும்.

கேரமல் பாப்கார்ன் போல வெல்லத்தில் செய்தேன். அன்று மொறுமொறு, மறுநாள் காலை கையில் பிசுபிசு.
– வாசகி, குரோம்பேட்டை

பாகு முற்றவில்லை. வெல்லத்தைக் கரைக்க விட்ட தண்ணீர் பாகில் மிச்சம் இருந்தால் ராத்திரியெல்லாம் அது பொரிக்குள் இறங்கும். பொரி உருண்டைக்குப் பார்க்கும் அதே பதம்தான்: ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு உருட்டி எவர்சில்வர் தட்டில் போட்டால் டங் என்று சத்தம் வர வேண்டும். 50 கிராம் மணியின் பொரிக்கு 100 கிராம் வெல்லம் போதும், தண்ணீர் வெல்லம் கரையும் அளவுக்கு மட்டும். பதம் வந்ததும் அணைத்து, ஒரு ஸ்பூன் நெய், ஏலக்காய், நல்லெண்ணெய் தடவிய கரண்டியால் பிரட்டி உடனே தட்டில் பரப்புங்கள், ஆறும் முன் உதிர்த்து விடுங்கள். முழுக்க ஆறிய பிறகுதான் டப்பா. சூட்டோடு மூடினால் மூடியில் வேர்க்கும், அது மறுபடி உள்ளேதான் சொட்டும்.