ஒரு கருவா, இரண்டா?

கேள்வி: வயது 34. புதுக்குடியிருப்பில் இருக்கிறோம். கொழும்பில் ஐவிஎஃப் (கருவை வெளியே உருவாக்கிக் கருப்பையில் வைக்கும்) சிகிச்சைக்குப் பதிந்திருக்கிறோம். இப்படிப் பிறக்கும் பிள்ளை நோஞ்சானாக இருக்கும் என்கிறார் மாமி. இரண்டு கரு வைத்தால் ஒரே செலவில் இரட்டைப் பிள்ளை என்கிறார் கணவர். என்ன செய்யலாம், டொக்டர்?

பதில்: மாமியின் பயத்துக்குப் பதில் சுலபம். இந்த முறையில் உலகில் முதலில் பிறந்த லூயிஸ் பிரவுன் 1978இல் பிறந்தவர். பிறகு இயற்கையாகவே கருத்தரித்துத் தாயானார். பிறவிக் குறைபாடு பொதுவாக 100 பிள்ளைகளில் சுமார் 3 பேருக்கு இருக்கும். ஐவிஎஃப்பில் அது 4 அளவு. அந்தக் கூடுதலிலும் ஒரு பங்கு, பிள்ளை தங்காமல் இருந்ததற்கான காரணத்தாலேயே வருவது.

கணவரின் கணக்குத்தான் எனக்குப் பயம். இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்னரே பிறந்துவிடுகிறார்கள். முப்பதாவது வாரத்தில் நடுச்சாமம் பன்னீர்க்குடம் உடைந்தால் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அம்புலன்ஸில் ஓட வேண்டும். நுரையீரல் முற்றாத இரண்டு பிள்ளைகள் இன்கியுபேட்டரில் கிடக்க, நீங்கள் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில். தாய்க்கும் பிரஷர், இரத்தப்போக்கு ஆபத்து கூடும். இதில் மிச்சம் எங்கே? ஒன்றை மட்டும் வையுங்கள். மிகுதியை உறையவைத்துப் பிறகு பயன்படுத்தலாம். உறையவைத்த கரு என்றால் பிரஷர் கூடும் வாய்ப்பு சற்று அதிகம், அதைக் கவனித்தால் சரி.

கணவருக்கு விந்தணு மிகக் குறைவா? அப்படியென்றால் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். சிலவேளை அந்தக் குறை மகனுக்கும் போகும்.

ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் இப்போதே தொடங்குங்கள். ஊர் வாய்க்குப் பயந்து பலர் ஐவிஎஃப் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடமே மறைக்கிறார்கள். வேண்டாம். வழக்கமாகக் கடைசி மாதவிடாய்த் திகதியை வைத்துத்தான் வாரம் எண்ணுவார்கள்; உங்களுக்கு அது பிழையாகலாம். கரு வைத்த திகதியையும் அது எத்தனை நாள் கரு என்பதையும் கர்ப்பிணி அட்டையில் எழுதுவியுங்கள். அவசரத்தில் உங்களைப் பார்க்கும் டொக்டர் முதலில் தேடுவது எத்தனை வாரம் என்பதைத்தான்.

இருபது வார ஸ்கானைத் தவறவிடாதீர்கள். கடும் தலையிடி, கண்மங்கல், திடீரென முகவீக்கம் வந்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.