மூஸுக்கு எந்த ரவை: .338, .35 வெலன், 9.3×62, .375

தம்பி, கனடா வந்து இரண்டு வருடம், துவக்கு லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது, ஒன்ராறியோக் காட்டில் மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போக .338 வின்செஸ்டர் மேக்னமா, .35 வெலனா, 9.3×62ஆ, .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய மிருகமென்றால் பெரிய ரவை என்ற கணக்கை முதலில் விடுங்கள். சாதாரண .30-06 ரவையில் 180 கிரெய்ன் (சன்னத்தின் எடை அலகு) நல்ல சன்னம் (ரவையிலிருந்து பறக்கும் குண்டு) நெஞ்சுக்கூட்டுக்குள் போனால் மூஸுக்குக் காணும். நீங்கள் கேட்ட நான்கும் போன்ற நடுத்தர விட்டக் குழலின் பெறுமதி வேறு இடத்தில் இருக்கிறது. மிருகம் கோணலாக நின்றாலும் கனத்த சன்னம் தோள் எலும்பை உடைத்து மறுபக்கத்தால் வெளியேறும். இரண்டு துளை என்றால் இரத்தத் தடம் அதிகம். அடர்ந்த பற்றைக்குள் தேடும்போது அதன் அருமை தெரியும்.

என் தெரிவு 9.3×62. பெர்லினில் ஓட்டோ பொக் 1905இல் சாதாரண மவுசர் 98 துவக்கின் பொறிக்குள் அடங்கும்படி உருவாக்கியது. 286 கிரெய்ன் சன்னம், வினாடிக்கு 2,360 அடி. 200 யார் தூரத்தில் குறி சரியாக விழும்படி வைத்தால் 300 யாரில் கிட்டத்தட்ட 10 அங்குலம் இறங்கும். பற்றைக்காட்டில் 150 யார் தூரத்துக்கு மேல் சுட வாய்ப்பு எங்கே?

.35 வெலனும் அதே வேலைதான், .30-06 கோதின் (ரவையின் பித்தளைக் கூட்டின்) கழுத்தை விரித்தது. வாங்குமுன் குழலுக்குள் சன்னத்தைச் சுழற்றும் வரிகளின் முறுக்கைக் கேளுங்கள். பழைய சில துவக்குகளில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. முழுச் செம்பு நீளச் சன்னம் அதில் நிலைகொள்ளாது, தாளில் துளை நீள்வட்டமாக விழும். 12 அங்குலம் என்றால் பயமில்லை.

.338 தட்டையாகப் பறக்கும்: 225 கிரெய்ன், 2,800 அடி, அதே 300 யாரில் 7 அங்குலம்தான் இறக்கம். மலைச்சரிவில், வெளியான இடத்தில் நல்லது. ஆனால் உதை! 8 இறாத்தல் .30-06 துவக்கு 20 அடி-பவுண்டு உதைத்தால், இது 9 இறாத்தலிலும் 33க்கு மேல் உதைக்கும். தோள் நோவதை விட, சுடுமுன்பே கண் மூடுவதுதான் பிழை. நண்பரைக் கொண்டு இடையிடையே வெற்று டம்மி ரவை போடுவித்துப் பாருங்கள். விசை இழுத்ததும் சத்தமில்லாமல் குழல் நுனி கீழே குனிந்தால் நீங்கள் உதைக்குப் பயப்படுகிறீர்கள்.

.375 மூஸுக்குத் தேவையே இல்லை. ஆபிரிக்கா போகும் எண்ணம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். 2020இல் கனடாவில் வந்த, 10,000 ஜூலுக்கு மேல் சக்தியுள்ள துவக்குகளுக்கான தடைக்குள் இது விழுமோ என்று கனபேர் குழம்புகிறார்கள். 300 கிரெய்னில் வருவதே 5,800 ஜூல் அளவுதான்.

ரவையை நீங்களே நிரப்பப்போவதென்றால் ஒரு கவனம். .338, .375 இரண்டும் அடியில் தடித்த வளையம் போன்ற பட்டி உள்ள கோதுகள். பட்டி கோதை அறைக்குள் பிடித்துவைக்கும் என்று நம்பி ஒவ்வொரு முறையும் கோதின் தோளை (கழுத்துக்குக் கீழுள்ள சரிவை) அதிகமாக அமுக்கினால், சுடும்போது பட்டிக்குச் சற்று மேலே பித்தளை நீண்டு மெலியும், பிறகு அறைக்குள்ளேயே இரண்டாகும். கோதை மீண்டும் வடிவாக்கும் அச்சை, கோதின் தோளை இலேசாகத் தொடும்படி மட்டும் வையுங்கள். நுனியை வளைத்த மெல்லிய கம்பியை கோதுக்குள் விட்டு, அடியிலிருந்து மேலே சுரண்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கோதைக் குறட்டால் நசுக்கி எறிந்துவிடுங்கள்.